கொய்யா மரத்து வளைவு

மருதையன் அண்ணன் எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று அவர் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. சும்மா வருகிறவர்கள் வாசலில் உதறிவிட்டு உள்ளே வருவார்கள். இவர் ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தார். நான் அடுப்பில் பாலை வைத்தேன். என் வீட்டுக்காரர் சிவராமன் செத்து வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷத்தில் வருகிறவர்களுக்கு டீ போட நன்றாகப் பழகிவிட்டேன். அழ வருகிறவர்களுக்கும் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரே டீதான்.

மருதையன் நெடுங்காட்டில் டயர் கடை வைத்திருப்பவர். இப்போது ரேஸ் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கமிட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பா அறுவடை முடிந்ததும் காய்ந்த வயலில் வரப்பை வெட்டிச் சமப்படுத்தி, ஓரமெல்லாம் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் வண்டி ஓட்டுவார்கள். பேனரில் 'குடும்ப மோட்டார் திருவிழா' என்று போட்டிருக்கும். பைக் ரேஸ், சேற்றில் ஜீப், பெண்களுக்கு மெதுவாக ஸ்கூட்டி ஓட்டும் போட்டி. குடும்பம் குடும்பமாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவோம்.

போன வருஷம் ஸ்கூட்டிப் போட்டியில் நான் இரண்டாவது வந்தேன். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதை வாங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தெற்கு வளைவிலிருந்து கத்தினார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று கமிட்டிக்காரர்கள் அந்த ஹாட்பாக்ஸை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.

"இந்த வருசம் ஒரு சொட்டு கிடையாது தங்கச்சி," என்றார் மருதையன். "பீர் ஸ்டாலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா கமிட்டியில பாதிப் பேரு மொறைக்கிறானுங்க. ஸ்டால் இல்லன்னா ஸ்பான்சர் வரமாட்டானாம், கூட்டம் வராதாம். காரைக்கால்ல இருந்துகிட்டு குடி இல்லாம திருவிழாவாங்கறான் ஒருத்தன்."

பக்கத்தில் என் மூத்தார் சுவாமிநாதன் உட்கார்ந்து தலையாட்டினார். அவரைக் கலந்து பேசிவிட்டுத்தான் இவர் வந்திருக்கிறார் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

"நீ மேடையில ஏறி ஒரு வார்த்தை சொல்லணும். குடிச்சுட்டு ஓட்டுன ஒருத்தனால என் தாலி போச்சு, இனிமே இங்க குடி வேணாம்னு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். கப்புக்கும் தம்பி பேரைத்தான் வச்சிருக்கோம்."

"நல்ல காரியம்தான் பிரதீபா," என்றார் மூத்தார். "தம்பி பேரு நிக்கும்."

நான் சரி என்றேன். இந்த ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், சரி என்றால் எழுந்து போய்விடுவார்கள். எனக்குத் துக்கம்கூட இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை.

குடித்துவிட்டு ஓட்டியவன் என்று அவர்கள் சொன்னது மக்சிமை. தலத்தெருவில் இருக்கும் கஸ்தோன் வீட்டுப் பேரன். கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஸையே ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். போன வருஷம் வரைக்கும் தலைவரும் அவர்தான். பீர் பந்தல் போடலாம் என்று சொன்னவரும் அவரேதான்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் பேசியதை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே நடித்துக் காட்டினார். "பிரான்சுலயெல்லாம் ரேஸ் பாக்கப் போனா புருசன் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. மேசை மேல ஒரு பாட்டில் இருக்கும். ஒருத்தனும் விழுந்து கெடக்க மாட்டான். மறைச்சுக் குடிக்கிறவன்தான்யா விழுவான். எல்லாருக்கும் தெரிய வைங்க, அளவா குடுங்க, அவன் ஒழுங்கா இருப்பான்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முசே மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக் காட்டினார். நான் சிரித்தேன். என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்பதால் எனக்கு அது வெறும் வேடிக்கைதான்.

முசே சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்கு அது சரி. எங்கள் ஆட்களை அவர் யோசிக்கவில்லை. மேடைக்கு எதிரே பந்தல் போட்டு, கயிறு கட்டி, ஆளுக்கு இரண்டு டோக்கன் என்று வைத்தார்கள். மேடைக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள்? மாமனார், தாய்மாமன், சம்பந்தி, வாத்தியார், போன மாதம் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார். அவர்கள் கண்ணெதிரே எவன் போய்க் கிளாஸைத் தூக்குவான்? எங்கள் ஊரில் முழுக்குடிகாரன்கூட அண்ணனைப் பார்த்தால் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைப்பான். காலையிலிருந்து பந்தலில் உட்கார்ந்தது முசேயும், அவர் சேக்காளி இன்னொரு பழைய சொல்தாவும்தான். பட்டாளத்தில் இருந்தவர்கள், கூச்சமில்லாமல் வேர்க்கடலையோடு குடித்தார்கள். மற்ற டோக்கன் எல்லாம் செவன்அப் பாட்டிலில் ஊற்றி வெளியே போனது. பீருக்கு அனுமதி என்றதை எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எடுத்துக்கொண்டு இடுப்பில் குவார்ட்டரும் வந்தது.

எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் தெற்கு வளைவு. வாய்க்கால் கரையோரம், மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. நாலைந்து கொய்யா மரம் நிழலுக்கு இருக்கும். ஓட்டுகிறவனுக்கும் அங்கே திரும்பினால்தான் அடுத்த பக்கம் தெரியும். அதனால்தான் அங்கே கொடிக்காரர் ஒருவர் நிற்க வேண்டும். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவனுக்கு மஞ்சள் கொடி ஆட்டுவது வேலை. அந்த வேலை என் வீட்டுக்காரருக்கும் அவர் சிநேகிதர் காத்தமுத்து அண்ணனுக்கும்.

நடந்ததாக எனக்குச் சொன்னது இதுதான். ஒரு பையன் வளைவில் விழுந்தான். என் வீட்டுக்காரர் கொடி ஆட்டிவிட்டு அவனைத் தூக்கப் போனார். மக்சிம் குடித்திருந்ததால் கொடியைப் பார்க்காமல் வந்து மோதினான். அஜாக்கிரதை என்று கேஸ் போட்டு அவன் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரான்சில் வேலைக்குப் போக இருந்தவன். அவன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தபோது ஊர் சிரித்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட்காரங்களுக்கு ரிப்போர்ட் எப்படி வேணா வரும் என்றார்கள். பிள்ளைக்குப் பாலுக்குப் பதில் ஒயின் ஊற்றிக் கொடுக்கிற வீடு என்றார்கள். என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் மூத்தார் கையில் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். பையில் சீப்பும் இரண்டு கொய்யா இலையும் இருந்தன. அவருக்கு அடிக்கடி பல்வலி. கொய்யா இலையை மென்றால் கேட்கும் என்பார். கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தாலும் அவருக்கு இலைதான்.

மருதையன் வந்துபோன மறுநாள் எலேன் அம்மா வந்தார். முசேயின் மனைவி. நான் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன், காலையில் கொண்டுவரும் பாலை அளந்து எடுப்பது. கூட்டம் கலைந்து கேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆட்டோவில் வந்து இறங்கினார். பவுடர் போட்டு, புடவையைப் பின் குத்தி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்.

"நீ மேடையில பேசப்போறியாமேம்மா."

"ஆமாங்க."

"வேணாம்னு சொல்ல எனக்கு வாயில்லை. ஒன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அவன் குடிக்கலைம்மா. எங்க வீட்டு மேசையில எப்பவும் பாட்டில் இருக்கும், இல்லைன்னு சொல்லல. அதனாலேயோ என்னவோ அவனுக்கு அதும்மேல ஆசையே வந்ததில்லை. ஒரு கிறிஸ்துமசுக்குக்கூட நாக்குல வச்சதில்லை."

நான் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் கேனுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"வீட்டை விட்டே வெளிய வரமாட்டேங்குறான். கடைக்குப் போனா குடிகாரன் வர்றான் பாருங்குறாங்க. ராத்திரி தூங்காம ஒரே பேச்சு. கொடி காட்டலை பாட்டி, கொடி காட்டியிருந்தா நான் நின்னிருப்பேன்னு."

"கொடி அவர் கையிலதாங்க இருந்துச்சு," என்றேன். "காட்டாம இருப்பாரா?"

எலேன் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. செத்தவர் மேல் பழி சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பார். "நீயும் சொல்லிட்டேன்னா அவனுக்கு அதோட முடிஞ்சுது. கோர்ட்டு என்ன சொன்னாலும் சரி, பொண்டாட்டியே சொல்லிட்டாளேம்பாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் கோபமாவது வர வேண்டும். இரண்டும் வரவில்லை. பாத்துக்கங்க, வெயில்ல நிக்காதீங்க என்றேன். அவர் அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

வருஷத் திதி ரேஸுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. கூடத்தில் அவர் படத்தை வைத்து, மாலை போட்டு, தலைவாழை இலை விரித்தோம். எங்களில் படையலுக்கு ஒரே சட்டம்தான். செத்தவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் இலையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வந்தவர் பசியோடு திரும்பிப்போவார், காக்கை சோறு எடுக்காது. அதனால் என் மாமியார் ராஜம் விடியற்காலையிலேயே அடுப்படிக்கு வந்துவிட்டார். பட்டினச்சேரியிலிருந்து வாங்கிவந்த எறாலைத் தொக்கு வைத்தார். உளுந்து வடை, சேமியா பாயசம், முருங்கைக்காய் சாம்பார், அவர் சாயங்காலம் வாங்கித் தின்கிற பட்டாணிகூடக் காகிதப் பொட்டலத்தோடு. புது வேட்டி, கைக்கடிகாரம், ஒரு வெற்றிலைச் சுருள். வந்தவர்களும் அவரவர் நினைவுக்கு வந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மருதையன் ரேஸ் கப்பைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். 'சிவராமன் நினைவுக் கோப்பை' என்று எழுதியிருந்தது. நன்றாகப் பளபளத்தது. "ஞாயித்துக்கிழமை காலையில வண்டி அனுப்புறேன்," என்று என் காதில் சொன்னார். சரி என்றேன்.

மூத்தார் கற்பூரத்தைத் தட்டில் வைத்துத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது காத்தமுத்து அண்ணன் வந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு கொடி பிடித்து நின்ற அதே காத்தமுத்து. அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை, துக்கம் தாங்காமல் வரவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். குளித்துத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கையிலிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே ஒரு குவார்ட்டர் பிராந்தி. அதை எறால் தொக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு கொய்யா இலையை எடுத்துப் பாட்டிலுக்குக் கீழே வைத்தார்.



"டேய்," என்றார் மூத்தார். "எதைக் கொண்டாந்து எங்கடா வைக்கிற?"

"அவனுக்குப் புடிச்சதுண்ணே."

"அவன் தொட்டதே கிடையாது. எடு."

"போலீஸ்ல அப்படித்தாண்ணே சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்." காத்தமுத்து இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இலையில எப்படிண்ணே பொய் சொல்றது? அவன் வந்து பாப்பான்ல. எல்லாம் இருக்கு, இது மட்டும் இல்லைன்னா, காத்தமுத்துகூட மறந்துட்டானேன்னு திரும்பிப் போயிடுவானே."

மூத்தார் குனிந்து பாட்டிலில் கை வைத்தார்.

"இருக்கட்டும் மாமா," என்றேன்.

நான் அப்படிச் சொன்னதை நானே எதிர்பார்க்கவில்லை. ஒரு வருஷமாகச் சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. மூத்தார் கையை எடுத்துவிட்டார். நான் போய்க் காத்தமுத்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இலை எதுக்குண்ணே?"

"குடிச்சு முடிச்சதும் மென்னுக்குவான். ஒனக்கு வாசம் வரக்கூடாதும்பான் தங்கச்சி."

ஒன்பது வருஷப் பல்வலி. கிராம்புத் தைலத்துக்காக நான் காரைக்காலில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். வாய்க்கு வெந்நீரும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சிலிருந்து தொண்டை வரைக்கும் சுடச்சுட வந்தது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாலையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. என்னிடம் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன்? சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சோறு போட்டிருப்பேன். அவ்வளவுதானே.

திரும்பி மாமியாரைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"ஊருக்கே தெரியும்டி," என்றார். "ஒனக்கு மட்டும் தெரிய வேணாம்னு இருந்தோம். போனவன் நல்லவனா போகட்டுமேன்னு."

அப்போது எனக்கு எலேன் அம்மா கொடியைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணே, கொடி யார் கையில இருந்துச்சு?"

காத்தமுத்து பாட்டிலைத் தொட்டு நேராக வைத்தார்.

"அவன் கையிலதான் இருந்துச்சு. பய விழுந்ததும் என் கையில திணிச்சுட்டு, ஆட்டுடா ஆட்டுடான்னு சொல்லிகிட்டே குறுக்க ஓடுனான். ரெண்டு பக்கமும் பாக்கல, தள்ளாட்டமாத்தான் ஓடுனான். என் இன்னொரு கையில கிளாஸ் இருந்துச்சு தங்கச்சி. கீழ வச்சுட்டு ஆட்டலாம்னு குனிஞ்சேன். கொட்டிப்புடுமேன்னு பதமா வச்சேன். நிமிர்ந்தா வண்டி வந்துடுச்சு."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக இந்த ஆள் எப்படிச் சோறு தின்றார் என்று மட்டும் நினைத்தேன். தலத்தெருவில் அந்தப் பையனும் அப்படித்தான் தின்றுகொண்டிருப்பான், செய்யாததைச் சுமந்துகொண்டு.

மருதையன் கப்பை மெல்ல இலையிலிருந்து தள்ளி வைத்தார். பிராந்தி பாட்டிலுக்குப் பக்கத்தில் அது நன்றாக இல்லை என்று நினைத்தார் போல.

"தங்கச்சி, இதெல்லாம் வீட்டோட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து கப்பை மட்டும் குடு."

"பேசத்தான் வர்றேன்ணே. வண்டி அனுப்பாட்டியும் ஸ்கூட்டியில வர்றேன். மக்சிம் குடிக்கலை, கொடி காட்டலை, என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தார். அதைத்தான் சொல்லுவேன். நாளைக்கே முசே வீட்டுக்குப் போயும் சொல்லுவேன், அவங்க வக்கீல்கிட்டயும் சொல்லுவேன். காத்தமுத்து அண்ணன் கூட வருவாரு."

காத்தமுத்து முகத்திலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினார்.

"இதைச் சொன்னா தம்பி பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மூத்தார்.

"இன்னொருத்தர் வீட்டுப் புள்ள பேரைக் கெடுத்துத்தானே மாமா நம்ம பேரைக் காப்பாத்தியிருக்கோம்?"

"அப்ப ஸ்டால் வேணுமா, வேணாமா?" மருதையனுக்கு அவர் கவலை. "எதுனாலும் ஒண்ணு சொல்லு."

"அதை நீங்க அடிச்சுக்கங்கண்ணே. பந்தல் போட்டீங்க, கொய்யா மரத்தடியில போயிக் குடிச்சாங்க. இந்த வருசம் போடாதீங்க, அப்பவும் அங்கதான் போயிக் குடிப்பாங்க. நான் பாக்கக்கூடாது, அத்தை பாக்கக்கூடாது, மாமா பாக்கக்கூடாது. ஓட்டிட்டு வர்றவன் பாக்க முடியாத எடமா பாத்து நின்னாங்க."

மூத்தார் கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது. பாயசத்தின் மேல் ஆடை படிந்துவிட்டது. நேரமாகிறது, காக்கைக்கு வைக்க வேண்டும். வந்தவரைக் காக்க வைக்கக்கூடாது.

நான் அடுப்படிக்குப் போய் அவர் காபி குடிக்கிற கண்ணாடிக் கிளாஸைக் கழுவி எடுத்துவந்தேன். பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது. எனக்குத் திறக்கத் தெரியவில்லை, காத்தமுத்து அண்ணனிடம் நீட்டினேன். திருகிக் கொடுத்தார்.

"என்ன கலப்பாரு?"

"சோடா. பாதிக்குப் பாதி."

வீட்டில் சோடா இல்லை. மருதையன்தான் எழுந்து, ஜோடியாக வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். நான் பாதி ஊற்றி, பாதி சோடா விட்டேன். பொங்கி வந்தது, அடங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை எனக்குப் புதிதாக இல்லை. கொய்யா இலை வாசனைக்கு அடியில் எத்தனையோ ராத்திரி அது இருந்திருக்கிறது. கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

கிளாஸை இலையில், அவர் வலது கைப் பக்கமாக வைத்தேன். மூத்தார் கற்பூரத்தைக் கொளுத்தினார். அம்மா பார்க்க, அண்ணன் பார்க்க, நான் பார்க்க அவர் குடித்த முதல் கிளாஸ் அதுதான்.